கிராணியார் புத்தகம்

எங்கள் மலையில் ஒரு புத்தகத்தை யாராவது படித்திருக்கிறார்களா என்று விசாரிக்கத் தேவையில்லை. திறந்து பார்த்தால் போதும். மாதக்கணக்கில் புரட்டாத புத்தகம் கேமரன் மலையின் ஈரத்தைக் குடித்து, முதலில் பச்சையாகவும் பிறகு கறுப்பாகவும் பூசணம் பூத்து, கடைசியில் செங்கல்லாகிவிடும். கைமாறிக்கொண்டே இருப்பது மட்டும்தான் பிழைக்கும். இந்த விஷயத்தில் எங்கள் ஊர்ச் சீதோஷ்ணம் எந்த விமர்சகரையும்விட நேர்மையானது. அதற்கு முகதாட்சண்யம் கிடையாது, பொன்னாடை போர்த்தவும் தெரியாது.

ரிங்லெட்டுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எழுபத்து நாலாம் ஆண்டு வாசகர் மன்றம் ஒன்று தொடங்கினார்கள். தலைவர், தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ரெங்கசாமி. மன்றத்தின் நூலகம் ஒரு சாக்கு நிறைய இருந்தது. ரிங்லெட்டில் மளிகைக்கடை வைத்திருந்த ஈசா, பொட்டலம் கட்ட வாங்கிய பழைய காகிதத்தில் முழுப் புத்தகமாகக் கிடந்தவற்றைக் கிழிக்க மனமில்லாமல் அந்தச் சாக்கில் போட்டுக் கொடுத்திருந்தார். ரெங்கசாமி அதன்மேல் ‘அறிஞர் ஈசா அவர்களின் நன்கொடை’ என்று எழுதி ஒட்டினார்.

“அந்த அறிஞர மட்டும் எடுத்துருங்க கிராணி. வெங்காயம் வாங்க வர்றவன் பயந்துருவான்லா” என்றார் ஈசா.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஓர் உறுப்பினர் எழுந்து ஒரு புத்தகத்தைப் பரிந்துரைக்க வேண்டும். பரிந்துரைப்பவர் அதைப் படித்திருக்க வேண்டும் என்று மன்றத்தின் விதிகளில் எங்கும் இல்லை. ஒருவர் எழுத்து பெரிதாக இருப்பதைப் பாராட்டுவார். லோரி ஓட்டும் செல்லையா ஒரு முறை புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, “நல்ல கனம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கும் கை தட்டினார்கள். எல்லாப் பேச்சும் ஒரே வாக்கியத்தில் முடியும்: “ஒவ்வொருவரும் படித்தே ஆக வேண்டிய நூல்.” பிறகு காப்பி, உருளைக்கிழங்கு போண்டா.

இந்தச் சாக்கிலிருந்து உண்மையாகவே ஒரு புத்தகத்தை எடுத்துப் போய்ப் படித்துவிட்டாள் வடிவம்மாள். கொழுந்து பறிப்பவள், நாற்பது வயதிருக்கும். அவள் எடுத்தது அட்டையில்லாத நாவல். முதல் பக்கங்களும் போயிருந்தன. பெயர் என்ன, எழுதியது யார் என்று ஒன்றும் தெரியாது. அதில் ஒருத்திக்குப் பிள்ளை செத்துப்போகிறது. மறுநாள் காலையில் அவள் விளக்குமாற்றை எடுத்து வாசல் கூட்டுகிறாள். எழுதியவர் அங்கே அழவும் இல்லை, அவளை அழச்சொல்லவும் இல்லை. கூட்டி முடிக்கும்வரை கூடவே நிற்கிறார், அவ்வளவுதான்.

பத்து வருஷத்துக்கு முன் வடிவம்மாளின் மூத்த பையன் காய்ச்சலில் போனான். மறுநாள் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று அவளுக்கே பயம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அதற்குப் பெயர் வேறு. பக்கத்து வீட்டுக் காளியம்மா, “கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. கல்லுடி அவ” என்றாள். லயத்தில் ஏற்கெனவே இன்னொரு வடிவு இருந்ததால் அடையாளத்துக்கு வசதியாக இருந்தது. ‘கல்லு வடிவு’ என்றே நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வடிவம்மாள் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் சுவரைப் பார்த்தாள். யாரோ, எந்த ஊரிலோ, தன்னைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்தும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் அடுத்த வீட்டுச் சீதாவின் பெண் குழந்தை இறந்தது. பாதையில் மண் சரிந்து லோரி தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. மூன்றாம் நாள் சீதா கூடையோடு மலைக்கு வந்தாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் காளியம்மா சொன்னாள்: “பாத்தியா, கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல.” வடிவம்மாளுக்குச் சொன்ன அதே சொற்கள். பத்து வருஷத்தில் ஒன்றுகூடத் தேயவில்லை.

சீதா யாரோடும் பேசுவதை நிறுத்தியிருந்தாள். அவள் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று வடிவம்மாள் முடிவு செய்தாள். ஆனால், வாங்கிய புத்தகத்தை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பது விதி. விதிகளை மதித்த ஒரே உறுப்பினர் அவள்தான். சரி, காட்டிவிட்டு அப்படியே சீதா வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று போனாள். பேசச் சொன்னார்கள். பேசினாள்.

“இதுல ஒரு பொம்பள. புள்ள செத்துப்போச்சு. மறுநாளு வாசல் கூட்டுறா. ஏன் கூட்டுறன்னு இத எழுதுனவரு கேக்கல. நானும் அப்படிப் போனவதான். எனக்கு ஒரு தொணை மாதிரி இருந்துச்சு. அவ்ளோதாங்க.”

உட்கார்ந்துவிட்டாள். ‘படித்தே ஆக வேண்டிய நூல்’ என்று சொல்ல மறந்துவிட்டாள். கூட்டத்தில் சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். பின்வரிசையில் காளியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கல் என்று பெயர் வைத்தவள் அவள்தான் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை.

தான் பேசாமலே ஒரு கூட்டம் கலங்குவது ரெங்கசாமிக்குப் புதிது. எழுந்தார்.

“அன்பர்களே! இப்பேர்ப்பட்ட கருவூலம் இத்தனை காலம் ஒரு சாக்கிலே கிடந்தது என்பதை எண்ணும்போது என் நெஞ்சு பதறுகிறது. கண்ட கைகளும் புரட்டிக் கசக்குவதற்கா இந்த நூல்? இதற்கு உயர்ந்த அட்டை வேண்டும். கண்ணாடி அலமாரி வேண்டும். பூட்டு வேண்டும்!”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வடிவம்மாளும் கை தட்டினாள். தனக்குப் பிடித்த ஒன்றுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து அவள் பார்த்ததில்லை. தட்டி முடிப்பதற்குள் புத்தகம் ரெங்கசாமியின் கக்கத்துக்குப் போயிருந்தது.

மறுநாள் ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றாள்.

“கிராணி ஐயா, அந்தப் புத்தகம் சீதாவுக்கு வேணுங்க.”

“அத எப்படிம்மா குடுக்கறது? நேத்து நீதானே அவ்ளோ ஒசத்தியாப் பேசுன?”

“ஒசத்தியா இருக்குன்னுதான் படிக்கக் கேக்குறேன்.”

“ஒசத்தியானத யாராச்சும் படிக்கக் குடுப்பாங்களா? ஒன் நகையத் தூக்கிப் பக்கத்து வூட்டுக்காரிக்குக் குடுப்பியா?”

“எங்கிட்ட நகை இல்லீங்களே.”

“அதான் ஒனக்கு விளங்கல.”

“ரெண்டு நாளைக்குங்க ஐயா. அந்தப் புள்ள வாயே தொறக்க மாட்டேங்குது.”

“புத்தகம் இங்க இல்லம்மா. தாப்பாவுக்கு பைண்டிங் போயிருக்கு.” கொஞ்சம் இரங்கினார். “வேணும்னா வேற ஒண்ணு எடுத்துட்டுப் போ. கோழி வளர்ப்பு இருக்கு. படம்லாம் போட்டது.”

தாப்பாவில் பைண்டர் அட்டையில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நூலின் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. மன்றத்தின் பெயரைப் போட்டு, கீழே ‘தலைவர்: ரெங்கசாமி’ என்று போடச் சொன்னார் கிராணி. இடம் நிறைய மிச்சம் இருந்ததால் பைண்டர் ‘ரெங்கசாமி’யைப் பெரிதாக அடித்துவிட்டார். சிவப்புக் காலிகோத் துணி அட்டை, தங்க எழுத்து. பள்ளிக்கூடத்தில் கண்ணாடி அலமாரி வந்தது. உள்ளே நாலு மூலையிலும் அந்துருண்டை. சாவி ரெங்கசாமியின் அரைஞாணில்.

“தொறக்காம வெச்சா பூசணம் வந்துருங்க” என்றாள் வடிவம்மாள்.

“கண்ணாடிக்குள்ள எப்படிம்மா வரும்?” என்று சிரித்தார். மலை ஈரத்தையும் சேர்த்தே பூட்டியிருக்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

புத்தகம் இல்லாவிட்டால் என்ன, கதைதான் மனசில் இருக்கிறதே என்று வடிவம்மாள் தேற்றிக்கொண்டாள். பனி இறங்கிய ஒரு காலையில் சீதாவுக்குப் பக்கத்துச் செடி நிரையைப் பிடித்தாள். இருவர் கைகளும் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தன.

“சீதா, ஒரு கதை சொல்லட்டா?”

சீதா கையிலிருந்த கொழுந்தைக் கூடையில் போட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

“ஒரு பொம்பள. அவ புள்ள செத்துப்போச்சு.”

சீதாவின் கை நின்றது. பிறகு மறுபடி கிள்ளத் தொடங்கியது.

“மறுநாளு காலையில வாசல் கூட்டுறா.”

“ம்.”

“அதான் கதை.”

“வாசல்னா கூட்டத்தானே வேணும்.”

“இல்லடி, அதுல வேற மாதிரி இருக்கும். எழுத்துல பாத்தா அப்படியே…”

“அப்படியே என்னா?”

வடிவம்மாள் தேடினாள். பிள்ளை, சாவு, விளக்குமாறு, எல்லாம் வாயில் இருந்தன. புத்தகத்தில் அவற்றுக்கு நடுவே இருந்தது மட்டும் வரவில்லை.

“புள்ள செத்த மறுநாளும் வேலைய பாத்தா, அதானே?” சீதா திரும்பினாள். “அவங்கதான் சொல்றாங்கன்னா, நீங்களும் என்னைக் குத்திக்காட்டுறீங்களாக்கா?”

“ஐயோ, இல்லடி!”

சீதா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு வேறு நிரைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வடிவம்மாள் நிற்கும் பக்கம் அவள் நிரை பிடிக்கவே இல்லை. அடுத்த தீபாவளிக்குள் ‘கல்லு சீதா’ என்று ஆகிவிட்டது. வடிவுக்கு வைத்த பட்டமும் போகவில்லை. லயத்தில் கல்லுக்குப் பஞ்சம் இல்லை.

புத்தகத்தின் புகழோ வளர்ந்துகொண்டே போனது. சிவப்பு அட்டையைப் பார்த்தவர்கள் அதற்கு ‘கிராணியார் புத்தகம்’ என்று பெயர் வைத்தார்கள். லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் போட்டிருந்தவர்கள் குடும்பத்தோடு வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்குப் பிறகு அலமாரிக்கு வந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் பரிந்துரைத்தவள் காளியம்மா. “நான் கேட்டு அழுதிருக்கேன்லா” என்பாள். அது முருகன் கதை என்று மன்றத்தில் இருந்த ராஜு சொன்னான். ஜப்பான்காரன் காலத்துக் கதை என்றார் செல்லையா. ஒரு நாள் இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு புத்தகத்துக்காக அடித்துக்கொள்ளும் அளவுக்கு ஊரில் இலக்கியம் வளர்ந்துவிட்டது என்று ரெங்கசாமி ஆண்டறிக்கையில் பெருமையாக எழுதினார்.

இடையிடையே வடிவம்மாள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்கக் கேட்க, புத்தகத்தின்மேல் அவளுக்கு ஏதோ பொறாமை என்று ஊர் பேசிக்கொண்டது.

எண்பத்து மூன்றில் தலைநகரிலிருந்து ஒரு பிரமுகர் வந்தார். மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு எல்லாம் முடிந்ததும், “அந்தப் புகழ்பெற்ற நூலை நான் தரிசிக்க வேண்டும்” என்றார். ஒன்பது வருஷமாகத் திறக்காத பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விட வேண்டியிருந்தது. கதவு திறந்ததும் ஈரச்சாக்கு நாற்றமும் அந்துருண்டை நாற்றமும் சேர்ந்து வந்தன. முன்வரிசை மூக்கைப் பிடித்தது. பிரமுகர் புத்தகத்தை வாங்கித் திறக்கப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு முறை பார்த்தார். அசையவில்லை. ஆனால் அவர் எத்தனையோ நூல்களை வெளியிட்டவர், திறக்காமலே சமாளிக்கத் தெரிந்தவர். மூடியபடியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படத்துக்கு நின்றார்.

“ஒவ்வொருவரும் படித்தே ஆக வேண்டிய நூல்! இதை எழுதிய நம் கிராணியார்…”

கூட்டம் ரெங்கசாமியைப் பார்த்தது. ரெங்கசாமி ஒரு கணம் கூரையைப் பார்த்தார். பிறகு தலையைத் தாழ்த்தி, “ஏதோ, நம்மால முடிஞ்சது” என்றார்.

எல்லோரும் போண்டாவுக்குப் போன பிறகு, காப்பிக் குவளைகளைப் பொறுக்க வந்த வடிவம்மாள் மேசைமேல் கிடந்த புத்தகத்தை எடுத்தாள். அட்டை கையோடு கழன்று வந்தது. தங்க எழுத்து அப்படியே பளபளத்தது. அட்டையை மட்டும் அலமாரிக்குள் நிறுத்தி வைத்துவிட்டு, உள்ளேயிருந்த கறுப்புக் கட்டியைப் பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். வித்தியாசம் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் எப்போதும் சூட்டுக்காற்று இருக்கும். கட்டியைக் காயவைக்க இடம் கேட்டு, அங்கே வேலை பார்த்த முருகையாவிடம் கெஞ்சினாள்.

“ஓரமா வைம்மா. கொழுந்துல பூசணம் பட்டுச்சுன்னா தொரை என்னைத் தொலைச்சிருவாரு.”

சில நாள் காய்ந்தது. கட்டி இன்னும் இறுகியது. மூங்கில் சிம்பை விட்டு நெம்பினாள். தாள்கள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தன. ஒரு பக்கத்தின் எழுத்து அடுத்த பக்கத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் தேடிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டுதான் மிஞ்சியது. ‘மறுநாள் காலையில் அவள் விளக்குமாற்றை’ என்று இருந்தது. அதற்குமேல் கறுப்பு.

அதை எடுத்துக்கொண்டு சீதா வீட்டுக்குப் போனாள். சீதா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இறந்த குழந்தைக்குப் பிறகு அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்திருந்தார்கள். இருவரும் அம்மாவிடம் அதிகம் பேசுவதில்லை.

“என்னாக்கா?”

“சீதா, அன்னைக்கு மலையில ஒரு கதை சொன்னேனே. அது இதுலேர்ந்துதான்.”

“எதுலேர்ந்து?”

வடிவம்மாளுக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை. “கிராணியார் புத்தகம்” என்றாள்.

சீதா அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள். தாள் துண்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“படிச்சே ஆகணும்னு சொல்றாங்களேக்கா, அதா?”

“அதான். படிச்சுப் பாரேன்.”

“இத எதுக்குக்கா படிச்சுக்கிட்டு? சாமிகிட்ட வெக்கிறேன்.”

மாரியம்மன் படத்தை ஆணியிலிருந்து இறக்கி, கண்ணாடிக்குள் துண்டைச் செருகி, மறுபடி மாட்டினாள். தள்ளி நின்று பார்த்துவிட்டு, “காப்பி குடிச்சுட்டுப் போங்கக்கா” என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

வடிவம்மாள் உட்கார்ந்து குடித்தாள். இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். படத்துக்குள் அந்தத் துண்டின் எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது.