மேலே இரண்டு விரல்

கிடங்கில் சரக்கு அடுக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இதை நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். வேறு யாரும் சொன்னதாக நினைவில்லை. பதினெட்டு வருடமாக மேற்பார்வையாளன். எங்கே கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தாலும் எனக்குக் கை அரிக்கும்.

அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன். வீட்டுக்கு வந்தாலும் மூன்று வாரம் அடுப்பங்கரைப் பக்கம் போகக்கூடாது என்றார் டாக்டர். “சாப்பாட்ட என்கிட்ட விடுக்கா” என்று மார்தட்டினேன். அம்மா போனபின் எனக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் அவள். நாற்பத்தாறு வயதாகியும் அவளுக்கு ஒருவேளைகூட நான் சமைத்துப் போட்டதில்லை. வெட்கமாக இருந்தது. இந்த முறையாவது செய்துவிட வேண்டும்.

பாத்திரக்கடைக்கு அளவு டேப்போடு போனேன். வட்ட டப்பா வேண்டாம், மூலை வீணாகும். பிளாஸ்டிக் கறை பிடிக்கும். ஒரு மணி நேரம் கடைக்காரப் பெண்ணின் உயிரை எடுத்துவிட்டு, சதுரக் கண்ணாடி டப்பா பன்னிரண்டு எடுத்தேன்.

“ஃப்ரீசர்ல வைக்கிறதுன்னா மேல ரெண்டு விரல் காலியா விடுங்க சார்.”

“காலி இடம்னா வீண்மா. நான் கிடங்குல இருக்கறவன்.”

அவள் பில் போட்டாள்.

ஞாயிறு முழுக்கக் கோழி சூப் வைத்தேன். விளிம்பு தளும்ப ஊற்றி, மூடியை இறுக்கி, ஃப்ரீசரில் எறும்பு புக இடமில்லாமல் அடுக்கினேன். படமெடுத்து வேலையிட வாட்ஸ்அப் குழுவில் வேறு போட்டேன்.

மறுநாள், அக்கா வீடு திரும்பும் நாள். காலையில் ஃப்ரீசரைத் திறந்தால் பன்னிரண்டும் விரிசல். சூப்புக்குள் கண்ணாடிச் சில்லு. தண்ணீர் உறைந்தால் விரியும் என்று பள்ளிக்கூடத்தில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியவன்தான் நான். எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன்.

ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சாவி ஐந்து நாளாக என்னிடம்தான் இருந்தது; ஒருமுறைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ரொட்டியை வைக்க அவள் ஃப்ரீசரைத் திறந்தேன். ஆறு பழைய ஐஸ்கிரீம் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: “தம்பிக்கு. நான் வர்ற வரைக்கும். சூடு பண்ணிக் குடி.”

திறந்தேன். சூப். மூடியைத் தொடாமல் அளவாக உறைந்திருந்தது. வயிற்று வலியோடு நின்று வைத்திருக்கிறாள். நானோ ஐந்து நாளும் ஆஸ்பத்திரி கேன்டீனில் பன் தின்றேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மதியம் அவளைக் கூட்டிவந்து, அதையே சூடாக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள்.

“உப்பு சரியா இருக்கேடா. நீயா வச்ச?”

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“உன்னோடதுதான்க்கா. நான் வச்சது பன்னிரண்டும் உடைஞ்சு போச்சு.” குழுவில் போட்ட படத்தைக் காட்டினேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சிரிக்க வைக்காதடா, தையல் வலிக்குது.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இந்த டப்பாவக் கழுவி எடுத்துட்டுப் போ. நாளைக்கு நீ சமைச்சதுதான் எனக்கு வேணும்.”

அன்று சாயங்காலமே மறுபடி சூப் வைத்தேன். “அக்காவுக்கு” என்று எழுதி ஒட்டினேன். மேலே இரண்டு விரல் காலி விட்டேன். பயத்தில் மூன்றாகவே விட்டேன்.