தோர்கிலின் பன்றிகளுக்கு வாடையே கிடையாதாம்

பன்றிக்குட்டிகளுக்குக் காயடிப்பது என் கணவன் தோர்கிலுக்கு ஆகவே ஆகாது. மரத்துப்போக ஊசி போட்டாலும் அவை வீறிடும். அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்காது. காயடிக்காமல் விட்டாலோ, சில ஆண் பன்றிகளின் கறி அடுப்பில் ஏறியதும் நாறும். அப்படி நாறுவதை மட்டும் பிரித்தெடுக்க ஒரு கருவி தேறிவிட்டால் கத்தியையே விட்டுவிடலாம் என்றது இறைச்சி ஆலை. சோதனைக்கு யூட்லாந்தில் எங்கள் பண்ணை அகப்பட்டது.

லெர்கே என்ற பெண் செய்த கருவி அது. ஆலையில் அறுத்து வரிசையில் வரும் ஒவ்வொரு பன்றியின் கழுத்துக் கொழுப்பிலும் துளி சுட்டு, ஆவியைச் சோதிக்கும். நேற்று எங்கள் பன்றிகள் சில நாறுகின்றன என்று சொல்லிவிட்டது. தோர்கிலுக்கு மூக்குக்கு மேல் கோபம். அந்தக் கறியில் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு, லெர்கேயையும் ஆலை மேலாளர் ஃப்ளெமிங்கையும் வீட்டுக்கே இழுத்துவந்துவிட்டான்.

நான் கொட்டகை வேலை முடித்துக் கதவைத் திறந்தபோது, ஆண்கள் இருவரும் பொரித்த கறியைப் பார்ஸ்லி சாஸில் தோய்த்து வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாரு, மணக்குது! என் பன்னியா நாறும்?" என்றான் தோர்கில்.

"கருவி பொய் சொல்லுது, லெர்கே. இதோட நிறுத்திக்குவோம்," என்றார் ஃப்ளெமிங்.

"சில பேர் மூக்குக்கு இந்த வாடை எட்டவே எட்டாது. எனக்கும் அப்படித்தான். அதனாலதான் கருவி செய்யவே கிளம்பினேன்."

"அப்ப இங்க மூணு பேருக்கும் மூக்கு இல்லியா? சாக்குச் சொல்லாதம்மா. நாளையிலேர்ந்து பழையபடி கத்திதான்," என்றார் ஃப்ளெமிங்.

தோர்கிலின் சிரிப்பு நின்றது. தன் வாயாலேயே கெட்டது அப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது. எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் பாவமாகவும் இருந்தது. ஆனால் நானோ வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"அட கடவுளே, என்ன நாத்தம்! மூத்திரக் குழியில உக்காந்தா ரெண்டு பேரும் திங்கிறீங்க? குடலப் பொரட்டுது!"

லெர்கே துள்ளி எழுந்தாள். ஃப்ளெமிங் முள்கரண்டியைக் கீழே வைத்து, தட்டை முகர்ந்து பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"புருஷன் கத்தி தூக்கக் கூடாதுன்னே இப்படிப் பொய் சொல்றியா, குன்வோர்?"

"அவனுக்காகப் பொய் சொல்றதுன்னா மணக்குதுன்னுல்ல சொல்லியிருப்பேன்! ஊரெல்லாம் அவன் பீத்திக்கிட்டுத் திரியறது அதத்தானே?"

ஃப்ளெமிங் தோர்கிலைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்ற?"

இத்தனை வருஷத்தில் என் கணவன் எதிலும் தோற்றதாக ஒப்புக்கொண்டதில்லை. தட்டை மெதுவாக நகர்த்தினான். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"நாறுது," என்றான். "என் பன்னி நாறுதுன்னே எழுதிக்கோ. ஊர் பூராவும் சொல்லு."