கழுவிய மரம்

வீட்டில் புலி, வெளியில் எலி என்பார்களே, ஸ்வீட்டி அந்த ரகம். வேதியியல் படித்தவள். பெங்களூரில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை. காலையில் ஊரிலிருக்கும் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் இரவு திரும்புகிற வரைக்கும் அவள் பேசுவதை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அம்மாவின் பாடு திண்டாட்டம்.

முன்னறைக்கு ஓக் மரத்தில் தரை போடலாம் என்று ஆரம்பித்தவள் அவள்தான். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா எட்மண்டுக்கு முட்டி வலி. குளிர்காலத்தில் சிமெண்ட் தரையில் கால் வைத்தாலே முகம் சுளிப்பார். மரம் அவ்வளவு சில்லிடாது.

"எந்த மரம்னு நீதாம்மா சொல்லணும்," என்றாள்.

அம்மா ஐடாவுக்கு நம்பிக்கை வரவில்லை. சுரங்கக் கம்பெனி கட்டிய வீடு அது. ஜன்னலுக்கு என்ன நிறம் என்பதைக்கூடக் கம்பெனிதான் தீர்மானித்தது. வீடு சொந்தமான பிறகு எட்மண்ட் தீர்மானித்தார். ஐடா தானாகக் கைகாட்டி வாங்கியது என்று பார்த்தால் குக்கர் ஒன்றுதான்.

"நெஜமாவாடி? நான் சொல்றதுதானே?" என்று மறுபடியும் மறுபடியும் கேட்டாள்.

திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சோடு ஸ்வீட்டி கடையிலிருந்து இரண்டு மாதிரிப் பலகைகள் கொண்டுவந்தாள். ஒன்று முழு ஓக். இன்னொன்றில் மேல்தோல் மட்டும் ஓக்; அடியில் மெல்லிய பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தார்கள். மாசி பிறந்தால் இந்த ஊர்க் காற்றில் ஈரம் வற்றிவிடும், முழு மரம் சுருங்கி இடைவெளி விடும், ஒட்டுப்பலகை அவ்வளவாக அசையாது என்று விளக்கினாள்.

ஐடா முழு ஓக்கைத் தடவிக்கொண்டே இருந்தாள். "இந்த வரியப் பாரு, தண்ணி ஓடற மாதிரியே கீது. எனக்கு இதுமேலதான் மனசு."

"வெளிச்சத்துல பாத்துட்டு சொல்லும்மா."

இரண்டையும் வாசல் மதில்மேல் வைத்தவள் ஸ்வீட்டிதான். மறந்துபோய் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்றைக்குப் பார்த்துக் காற்று. சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் அங்கே மலையாய்க் கிடக்கிறது. சயனைடு மேடு என்பார்கள். காற்றடித்தால் அந்தத் தூசு தெருவெல்லாம் பறக்கும். துணியோ, தட்டோ, பிள்ளைகளின் பொம்மையோ, வெளியில் கிடந்த எதையும் கழுவாமல் உள்ளே எடுக்கமாட்டார்கள். யோசிக்கும் முன்பே கை குழாய்க்குப் போய்விடும். ஐடாவும் பலகைகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, நாரால் தேய்த்து, கொல்லையில் வெயிலில் கிடத்தினாள்.

சாயங்காலம் முழு ஓக் தோணிபோல வளைந்து கிடந்தது. ஒட்டுப்பலகை வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

"மரத்தைப் போய் யாராவது ஊறவெப்பாங்களா?" ஸ்வீட்டி கத்தினாள்.

"பின்ன அந்தத் தூசோடவே உள்ள எடுக்கச் சொல்றியா? உங்கப்பா நெஞ்சுல கீற தூசு பத்தாதா?"

எட்மண்ட் எட்டிப் பார்த்தார். "இன்னா ஐடா, பலகைக்கு ஞானஸ்நானம் குடுத்துட்ட போல."

சனிக்கிழமை அம்மாவும் மகளும் பெங்களூர் போனார்கள். ஈஸ்டருக்கென்று எடுத்துவைத்த புடவையை ஐடா அன்றைக்கே கட்டிக்கொண்டாள். ரயிலில் வழியெல்லாம், வளையாத பலகையிலும் வரி ஓடுகிற மாதிரி கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

கடையில் விநாயக் என்ற விற்பனையாளர் வளைந்த பலகையைத் தூக்கிப் பிடித்தார். "என்ன மேடம், நீச்சல் குளத்துல போட்டீங்களா?"

"அம்மா... கழுவிட்டாங்க."

"மரத்தையா?" அவர் உள்ளே திரும்பினார். "நரேஷ், இங்க வா! ஓக்கைத் துவைச்சிருக்காங்கப்பா!"

வந்த நரேஷும் சேர்ந்து சிரித்தார். விநாயக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன் மேடம் கழுவினாங்க?" என்றார். கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு எங்கே குடியிருக்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் ஊரைக் கேட்டால்கூட, கோலார் பக்கம் என்று சொல்லித் தப்பிக்கிறவள் அவள். சயனைடு என்ற சொல் காதில் விழுந்தால் இந்த மனிதர் பலகையைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைப்பார் என்று தோன்றியது. ஸ்வீட்டி சிரித்தாள்.

"அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது சார்."

பக்கத்து வரிசையில் ஒரு பலகைமேல் உள்ளங்கையைப் பதித்து நின்றிருந்தாள் ஐடா. கையை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, எதும்மா எடுக்கலாம்?"

"நீயே பாத்து எடு. எனக்குத்தான் இதெல்லாம் தெரியாதே."

ஸ்வீட்டிக்குக் காது மடல் வரை சுட்டது. அப்புறம் வருகிறோம் என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தாள். அம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

திரும்பும் ரயிலில் எதிரே வந்து உட்கார்ந்தவர் மரியகுழந்தை. ஒரே சபை, அடுத்த தெரு.

"இன்னா ஐடா, புடவையெல்லாம் பலமா கீது?"

"மரம் பாக்கப் போனோம்கா." ஐடா சிரித்தாள். "மதில்மேல கெடந்த பலகைய ஊறப்போட்டு துவைச்சிட்டேன். கடைக்காரன் வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சான். பைத்தியக்காரி நானு."

மரியகுழந்தை சிரிக்கவில்லை. "மதில்மேலயா? காத்தடிச்ச அன்னிக்கா?"

"ஆமா."

"அப்புறம் கழுவாம? இதுல சிரிக்க இன்னா கீது?" அவர் ஸ்வீட்டியைப் பார்த்தார். "படிச்ச பொண்ணு பக்கத்துலதானே இருந்த. நீ சொல்லலியா?"

ஸ்வீட்டி ஜன்னலைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள். "சொல்லல ஆன்ட்டி. நம்ம ஊரு தூசைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நானும் சேந்து சிரிச்சேன்."

மரியகுழந்தை பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். அம்மா பரவாயில்லை என்றாவது சொல்வாள் என்று ஸ்வீட்டி காத்திருந்தாள். பங்காருப்பேட்டை தாண்டியும் ஐடா வாய் திறக்கவில்லை.

ஸ்வீட்டி கடைக்குப் போன் போட்டாள். ரயில் சத்தத்தில் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

"சார், காலைல வந்தோமே, அந்தப் பலகை. எங்க வீடு சயனைடு மேட்டுக்குப் பக்கத்துல சார். ஆமா, சயனைடு." அடுத்த பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "தூசு படியும். வெளில வெச்சது நான். அம்மா கழுவினதுதான் சரி."

மறுமுனையில் விநாயக்தான். "ஓ. சாரி மேடம், தெரியாம சிரிச்சிட்டோம். சரி, எந்தப் பலகை போடலாம்?"

அவள் போனை அம்மாவிடம் நீட்டினாள். ஐடா அதை வாங்கவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வெளியே பார்த்தாள்.

பிறகு ஸ்வீட்டி போனைக் காதில் வைத்தாள்.

"அம்மா இன்னும் சொல்லல சார்," என்றாள். "அவங்க சொன்னாத்தான்."