ஆணிப் பை இல்லாத கூடாரம்

1

கூடாரத்தை ஏரிக்குள் அனுப்பியவன் நான்தான். இந்தக் கதை அங்கிருந்து பிறந்தது. அதனால் கொஞ்சம் ஈரமாக இருக்கும்.

அரியாங்குப்பத்தில் எங்கள் மொட்டைமாடியில் இரண்டு ஞாயிறு ஒத்திகை பார்த்தேன். சிமெண்ட் தரையில் ஆணி இறங்குமா? கயிறுகளைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும் துணிக்கொடிக் கம்பத்திலும் கட்டினேன். ஜம்மென்று நின்றது. ஆகவே ஆணிப் பை வீண் சுமை என்று வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

நாங்கள் மூவரும் கூடாரம் போட்டுத் தங்கப் போன மலையூரான மன்னவனூர் ஏரிக்கரையில் தண்ணீர்த் தொட்டி இல்லை. [இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.] காற்று வந்தது. கூடாரம் எழுந்து, புல்வெளியைத் தாண்டி, ஏரியில் போய் உட்கார்ந்தது.

என் மனைவி ஸ்டெல்லாமேரி சொன்னாள்: "உங்கள நம்பி வந்ததுல அது ஒண்ணுதான் தப்பிச்சிப் போச்சி."

2

முதல் தொடக்கம்: 'பனி மூடிய ஏரியைப் போல ஒரு தந்தையின் மனம்…' அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.

இரண்டாவது: 'ஜெர்லின் சிரித்தாள். ஆனால் அவள் கண்களில்—' கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

சரி, நேராகவே சொல்கிறேன். என் மகள் ஜெர்லின் அதற்கு அடுத்த மாதம் பிரான்சுக்கு, லியோனுக்கு வேலைக்குப் போகவிருந்தாள். திரும்பி வருவாயா என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் கூட்டிப்போனேன்.*

* வீட்டிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். உங்களுக்கு மகள் இல்லை போலிருக்கிறது.

3

படகுக்காரர் கூடாரத்தை இழுத்துவந்து போட்டார். ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில், முறுக்கிப் பிழிந்தோம். இதுதான் சமயம் என்று கேட்டேன்:

"அங்க குளிரு ஜாஸ்தியாமே?"

"ஆமா பப்பா."

என் வீரம் இவ்வளவுதான்.

4

முடிவு அ: அவள் போகவே இல்லை. (பொய். அவள் அறையில் மின்விசிறி சுற்றி மாசக்கணக்காகிறது.)

முடிவு ஆ: பெட்டியோடு திரும்பி வருகிறாள். இதைத் திரும்பத் திரும்ப எழுதினேன். ஒவ்வொரு தடவையும் பெட்டி பெரிதாகிக்கொண்டே போகிறது.

முடிவு இ: உங்கள் விருப்பம்.

இப்படி உங்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஸ்டெல்லாமேரி இதுவரை எழுதியதைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பிவிட்டாள். உடனே போன் வந்தது.

"படிக்கறவங்கள எதுக்குக் கேட்டுனு இருக்க? என்னக் கேளு பப்பா."

கேட்டேன். இந்த முறை குளிரைப் பற்றி அல்ல.

அவள் பக்கம் ஏதோ ஒரு டிராம் கடந்துபோகும் சத்தம்.

"இருக்கறதுக்கு வரமாட்டேன் பப்பா. பாக்க வருவேன், ஆகஸ்ட்ல. அந்த ஆணிப் பைய இப்பவே வண்டில எடுத்து வச்சிடு."