தராசில் ஏறாதவன்

என் பட்டறைக்கு யார் வந்தாலும் முதலில் தராசில் ஏற வேண்டும். ஹெல்மெட், முதுகுக் கவசம், ஷூ, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும்தான். மலையிறக்க சைக்கிளின் பின்பக்கக் குலுக்கலைத் தாங்கும் ஷாக்குக்கு எந்த ஸ்பிரிங் என்று அந்த எண்தான் சொல்லும். அதை ஓர் அட்டையில் எழுதி, கடைசியில் ஒரு குறிப்பும் சேர்ப்பேன்: 'இடது திருப்பத்தில் பயம்', 'பிரேக்கை விடவே மாட்டாள்' என்று. ஆண்கள் ஏறியதும் தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், இழுத்தால் முள் இறங்கிவிடும் என்பதுபோல. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் எங்கள் மொர்ஸீன் ஊரில் இருபது வருடமாக இதைப் பார்த்துச் சிரிக்கிறேன். ஒருவன் மட்டும் மூன்று வருடமாக அதில் ஏறவில்லை. அவன் என் புருஷன் எர்வே.

மூன்று வருடத்துக்கு முன்னால், நான் அழுது அடம்பிடித்த பிறகு, சிகரெட்டை விட்டான். விட்ட வாய் சும்மா இருக்குமா? சீஸ், ரொட்டி, உலர்ந்த சாஸேஜ் என்று வேறு வேலை தேடிக்கொண்டது. அந்தத் தொப்பை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு கிலோவும் எனக்காக ஏறியது. ஆனால் போன குளிர்காலம் மதுக்கடையில் எவனோ அதைக் கிண்டல் செய்தான். மறுநாள் எர்வேயின் கோட்டில் புகை நாற்றம், இரண்டு வாரம் போகவில்லை. அதிலிருந்து எடை என்ற பேச்சையே வீட்டில் நான் எடுப்பதில்லை. அவன் அட்டையில் எழுபத்தெட்டு கிலோ, நானூற்று இருபத்தைந்து எண் ஸ்பிரிங் என்று பழைய எண்களே கிடந்தன.

செப்டம்பர் முதல் செவ்வாய்க்கிழமை, மலைப்பாதையின் இரண்டாவது வளைவுக்குக் கீழே, மர வேர்கள் குறுக்கே ஓடும் இடத்தில் விழுந்தான். தோளில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"வேரப் பாத்ததும் கை தானா பிரேக்கப் புடிச்சிடுச்சு ஆர்மெல். பயம். அம்பத்தாறு வயசாச்சு, போதும்."

"ஒரு தடவ விழுந்ததுக்கா இவ்வளவு?"

"இந்த சீசன்ல இது நாலாவது. பின் சக்கரம் உதைக்குது, அப்புறம் டொக்குனு அடியில போய் முட்டுது. ஷாக்க நானே சரி பண்ணிப் பாத்துட்டேன். கோளாறு எனக்குத்தான்."

அன்றே சைக்கிளை விற்பதாக விளம்பரம் போட்டான். லியோனிலிருந்து ஒருவர் சனிக்கிழமை இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்.

அந்த மாதம் கடைசி ஞாயிறு எங்கள் கிளப்பில் ஜோடி இறக்கப் போட்டி. இருவரில் பின்னால் வருபவர் முடிவுக் கோட்டைத் தொடும் நேரம்தான் ஜோடியின் நேரம். பத்தொன்பது வருடமாக நானும் அவனும் இறங்குகிறோம், ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அவன் சைக்கிளை விற்றுவிட்டால் நான் யாரோடு இறங்குவது? வேறு யாரோடும் எனக்கு இறங்கப் பிடிக்காது.

புதன்கிழமை அவன் ரோப் கார் நிலையத்துக்கு வேலைக்குப் போனதும் சைக்கிளைப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்தை நான்கு சுற்று முறுக்கி வைத்திருந்தான். இரண்டுக்கு மேல் போகாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான், என் வீட்டிலேயே நான்கு! ஏறி உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கும் அளவு சரியாகக் காட்டட்டும் என்று செய்திருக்கிறான். அளந்தால் சரியாகத்தான் காட்டும். ஆனால் எவ்வளவு முறுக்கினாலும் மெல்லிய ஸ்பிரிங் தடித்துவிடாது. சின்ன வேரில் அமுங்க மறுத்து உதைக்கும், பெரிய பள்ளத்தில் தாங்காமல் அடியில் முட்டும். இப்படி ஒரு சைக்கிளில் யார் போனாலும் கை பிரேக்குக்குத்தான் போகும்.

சொல்லிவிடலாம். சொன்னால், "இத்தன வருஷம் சரியா இருந்த ஸ்பிரிங் இப்ப ஏன் பத்தல?" என்று கேட்பான். அதற்குப் பதில் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. மறுபடி அந்தப் புகை நாற்றம் வந்தால் என்ன செய்வேன்? இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு திரிந்தேன்.

சனிக்கிழமை காலை அவன் ரொட்டி வாங்கப் போனான். போனால் ஒரு காபி, ஊர்க்கதை என்று ஒரு மணி நேரம் ஆகும். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி, அதைவிடத் தடித்த ஐந்நூறு எண் ஸ்பிரிங்கை மாட்டினேன். எடை எப்படித் தெரியும் என்கிறீர்களா? இருபத்துநான்கு வருடமாக ஒரே கட்டிலில் படுக்கிறேன். மெத்தை எவ்வளவு அமுங்குகிறது என்று தெரியாதா? வளையத்தை ஒரே சுற்றில் நிறுத்தினேன். ஷாக் லேசில் அமுங்காதபடி அவன் முழுக்க மூடி வைத்திருந்த திருகைத் திறந்துவிட்டேன். தடித்த ஸ்பிரிங் வேகமாகத் துள்ளும் என்பதால், திரும்பி எழும் வேகத்தை இரண்டு டிக் குறைத்தேன். ஸ்பிரிங்கில் அச்சடித்திருந்த எண்ணின் மேல் கறுப்பு பெயிண்ட் பூசினேன்.

அவன் வந்ததும், "வர்றவருக்குக் காட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ இறக்கிப் பாத்துடு. நானும் வர்றேன்," என்றேன்.

"கடைசி தடவயா? சரி, வா."

நான் பின்னால் போனேன். முதல் பள்ளத்தில் அந்த 'டொக்' வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. இரண்டாவது வளைவு வந்தது. வேர்கள் ஈரமாக இருந்தன. பிடிக்காதே எர்வே, பிடிக்காதே என்று ஹெல்மெட்டுக்குள் முணுமுணுத்தேன். அவன் பிடிக்கவில்லை. பின் சக்கரம் வேர்களின் மேல் ஒட்டிக்கொண்டே போனது. அந்த அகலமான முதுகு மரங்களுக்கு நடுவே மறைந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயது ஐம்பத்திரண்டு, புருஷன் முதுகைப் பார்த்து அழுகிறேன்.

கீழே போனதும் வழக்கம்போல ஷாக் சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தான். மறுபடி ரோப் காரில் ஏறினான். மூன்று முறை இறங்கினோம். கடைசி முறை என்னால் அவனைப் பிடிக்க முடியவில்லை.

பட்டறை வாசலில் லியோன்காரர் காத்திருந்தார்.

"மன்னிச்சுக்குங்க, விக்கல," என்றான் எர்வே.

"என்னங்க இது! ரெண்டு மணி நேரம் காரோட்டிட்டு வந்திருக்கேன்!"

"நான் பத்தொம்பது வருஷமா இவளுக்கு முன்னாடி ஓட்டிட்டிருக்கேன். அத நிறுத்தப் பாத்தேன், முடியல. ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க."

அவர் காபி வேண்டாம் என்று முறைத்துவிட்டுப் போனார். எர்வே உள்ளே வந்து வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். விரல் நுனி முழுக்கக் கறுப்பு.

"பெயிண்ட் இன்னும் காயல, டாக்டரம்மா."

துணியை எடுத்து அவன் விரலைத் துடைத்தேன்.

"எந்த எண்ணு?"

"ஐந்நூறு."

"அடேயப்பா!" என்றவன் கவசத்தைக்கூடக் கழற்றாமல் நேராகத் தராசில் போய் ஏறினான். மூச்சை உள்ளே இழுத்தான்.

"மூச்ச விடு, மனுசா. அது குறையாது."

விட்டான். தொண்ணூற்றொன்று. அவனே சத்தமாகப் படித்தான். அட்டையில் எழுபத்தெட்டை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதினேன்.

"குறிப்புல என்ன எழுதட்டும்?" என்றேன், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"'யாரு என்ன கிண்டல் பண்ணாலும் இனி சிகரெட்டத் தொடமாட்டான்'னு எழுது. அதுக்குப் பயந்துதான பெயிண்ட் அடிச்ச?"

பேனாவைத் தேடுவதாகச் சொல்லி மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன். பேனா என் கையில்தான் இருந்தது.