நகரும்போது எழுந்திருக்கக் கூடாது

"மூச்ச இழுத்துப் பிடிங்கப்பா" என்றாள் அவள்.

அப்பா பிடித்தார். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டின் வார் அவருடைய தொந்திக்குக் குறுக்கே இறுகி, கொக்கி டக்கென்று விழுந்தது. அப்போதும் அவர் மூச்சை விடவில்லை. கன்னம் உப்பியபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "விடலாம்" என்று அவள் சொன்ன பிறகுதான் விட்டார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறாளோ அவளுக்கே தெரியாது. வீட்டில் அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டாலும், மூட்டுக்குத் தைலம் தேய்த்தாலும் அதே வாக்கியங்கள்தான். முதலில் விளையாட்டாக ஆரம்பித்தது. பிறகு அவர் நிஜமாகவே அவள் சொன்னால்தான் மூச்சை விடுவது என்று ஆகிவிட்டது.

படகு சின்னது. குறைவான ஆட்களோடு போகிற சிறப்புச் சவாரி என்று டிக்கெட்டில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். இடம் இல்லாததையும் பெருமையாகச் சொல்லி விற்க வியாபாரிகளுக்குத்தான் வரும். அவள், அப்பா, தம்பி, தங்கை, எதிர் வரிசையில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, பின்னால் படகோட்டி, முன்னால் மைக்கோடு கைடு. அவ்வளவுதான் கூட்டம். வேறு ஊரில் இருக்கும் தம்பி இதற்காகவே கிளம்பி வந்திருந்தான். அப்பாவுக்கு ஆற்றில் போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசையாம். போனில் அவன் அப்படிச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. குளியலறையில் வாளி நிரம்பி வழிந்தாலே காலைத் தூக்கிக்கொள்கிற மனிதர் அவர். வயதானால் ஆசைகளும் மாறும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

"நீ உள்ள உக்காருக்கா, நல்லாத் தெரியும்" என்று தம்பி அவளை விளிம்போரமாக உட்கார வைத்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொண்டான். அப்பாவும் தங்கையும் அவர்களுக்கு முன் வரிசையில். சின்ன வயதில் ஜன்னல் சீட்டுக்காக அவளைக் கடித்தவன் இன்று தானாக விட்டுக்கொடுக்கிறானே என்று அவள் ஒரு நிமிடம் நெகிழ்ந்துகூடப் போனாள். பிற்பாடு அந்த நெகிழ்ச்சியை நினைத்துத்தான் அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

கைடு மைக்கைத் தட்டிப் பார்த்தான். "நம்ம போட்டுல ஒரே ஒரு ரூல்தாங்க. நகரும்போது யாரும் எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா போட் ஆடும், நான் விழுவேன், எனக்கு நீச்சல் தெரியாது." புது ஜோடி சிரித்தது. தங்கை திரும்பித் தம்பியைப் பார்த்தாள். தம்பி தண்ணீரைப் பார்த்தான்.

எழுந்து போவதற்குப் பேர்போனவள் அவள். அந்தக் குடும்பத்தில் "அக்கா எந்திரிச்சுட்டா" என்றால் அது ஒரு தனிச் செய்தி. விருந்தில் யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பார்கள். புருஷன் வீட்டிலிருந்து எழுந்து வந்தது ஒரு மதியச் சாப்பாட்டின் நடுவில். அம்மா இறந்த பிறகு யார் அப்பாவைப் பார்த்துக்கொள்வது என்று பேச உட்கார்ந்தபோது, தம்பி அலுவலகத்தையும் தங்கை மாமியாரையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்கையில், அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். திரும்பி வந்தது ஒரு பெட்டியோடு, அப்பாவோடு இருக்க. கத்தமாட்டாள், எதையும் தூக்கிப் போடமாட்டாள். இருந்தால் வாயில் வருவதைச் சொல்லிவிடுவோம் என்ற பயத்தில்தான் எழுந்து போவது. மனம் ஆறும்வரை தெருத்தெருவாக நடந்துவிட்டு வருவாள். அதைத் தன் நல்ல குணம் என்றே அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

முதல் பாலம் வந்தது. கல் பாலம், கீழே இருட்டு. "எல்லாரும் ஒரு தடவ கத்திப் பாருங்க, பாலம் திருப்பிக் கத்தும்" என்றான் கைடு. புது ஜோடி கூவியது. பாலம் பல தடவை கூவிக் காட்டியது. அப்பா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

வெளிச்சத்துக்கு வந்ததும் அவள் முன்னால் சாய்ந்து தங்கையிடம் ரேடியோ கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அப்பா நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு செய்தி கேட்கும் அந்தப் பழைய ரேடியோவைத் திடீரென்று காணவில்லை. கேட்டால், முனையில் இருக்கும் கடையில் ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாக அப்பா சொன்னார். நாள் போனதே தவிர ரேடியோ வரவில்லை. நேற்று அவளே போய் நின்றாள். கடைக்காரன் அப்படி ஒரு ரேடியோ வரவே இல்லை என்று சாதித்தான். ஒவ்வொரு தட்டாக எடுத்துக் காட்டினான். அவள் விடவில்லை. வயசானவர்தானே என்று ஏமாற்றுகிறாயா, இது திருட்டு என்று, வந்திருந்த ஆட்களின் முன்னால் வைத்தே சொன்னாள். கடைசியில் அவன் முகமெல்லாம் சிவந்து, தான் கேட்டுக்கொண்டிருந்த ரேடியோவைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி அவள் கையில் கொடுத்தான். "இத எடுத்துட்டுப் போங்கம்மா. பெரியவருக்குக் குடுங்க."

"பாத்தியா, அதட்டினாத்தான் வழிக்கு வராங்க" என்று முடித்தாள். "ராத்திரி அப்பா அதுலதான் நியூஸ் கேட்டாரு. இல்லப்பா?"

அப்பா கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை ஜாக்கெட்டின் நூலைப் பிய்த்தாள். பிற்பகல் வெயிலில் ஆறு அழுக்காகப் பளபளத்தது. குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும் பின்சுவர்கள், காயும் துணிகள், ஒரு தொழிற்சாலைப் படிக்கட்டில் உட்கார்ந்து காலாட்டும் ஆட்கள் எல்லாம் மெதுவாகப் பின்னால் போயின. நகரம் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் முதுகு சொறிந்துகொண்டிருக்கும் ஆளைப் போல இருந்தது.

"அக்கா, ஒரு விஷயம். கோவப்படாம கேளு" என்றான் தம்பி.

இப்படி ஆரம்பிக்கிற எந்தப் பேச்சும் கோபப்படுத்தத்தான் ஆரம்பிக்கிறது.

"அப்பா எங்ககூட வந்துடறாரு. நாளன்னிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். உனக்கும் எத்தன வருஷம்தான் பாரம்? நீ அந்த வீட்டுலயே தாராளமா இருந்துக்கோ, யாரும் உன்ன போகச் சொல்லல. அங்க ரூமெல்லாம் ரெடி. கட்டில் போட்டாச்சு, கம்பளி, கண்ணாடி, ரேடியோ எல்லாம்..."

அவன் நிறுத்திக்கொண்டான். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

அவளுக்கு முதலில் தெரிந்தது கடைக்காரனின் முகம்தான். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. லாண்டரிக்குப் போனதாகச் சொன்ன கம்பளி. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தேடிய இன்னொரு மூக்குக் கண்ணாடி, அவள் தவழும்போது மேலே உட்கார்ந்து, "விடும்மா, கெடைக்கும்" என்று சொன்ன அப்பா. வீடு சாமான் சாமானாக அவள் கண்ணெதிரே நடந்து போயிருக்கிறது. அவள் திருடனைத் தெருவில் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எழுந்தாள்.

படகு சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தது. புதுப்பெண் ஐயோ என்று புருஷனைப் பிடித்தாள். தண்ணீர் விளிம்பைத் தொட்டு உள்ளே கொஞ்சம் தெறித்தது. "மேடம், மேடம், உக்காருங்க" என்று கைடு மைக்கிலேயே கெஞ்சினான். எங்கே போவது? அந்தப் பக்கம் தம்பியின் முழங்கால், இந்தப் பக்கம் ஆறு. காற்றடைத்த பொம்மை மாதிரி ஆரஞ்சு ஜாக்கெட்டில் நின்றுகொண்டு ஒரு மனுஷி எப்படிக் கௌரவமாகக் கோபப்படுவது? அப்பா திரும்பிப் பார்த்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார். படகு ஆடுகிறது, தண்ணீர் பக்கத்தில் நெளிகிறது, அவர் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் உட்கார்ந்தாள்.

"இதுக்குத்தான் படகா?" என்றாள்.

"வீட்டுல சொன்னா நீ எந்திரிச்சுப் போயிடுவக்கா" என்றாள் தங்கை, தலையைத் திருப்பாமல். "ஓட்டல்ல சொல்லலாம்னு இவன் சொன்னான். அதுக்கு அப்பாதான்..." பாதியில் அவள் குரல் இறங்கியது. "படகுன்னா போக முடியாதுன்னு அப்பாதான் சொன்னாரு."

கைடு மறுபடி மைக்கை எடுத்தான். வலது பக்கம் பெரிய ஆஸ்பத்திரி என்றான், அங்கே போக மட்டும் யாருக்கும் டிக்கெட் தரமாட்டேன் என்று அரைமனதாக ஒரு ஜோக்கும் சொன்னான். அவளுடைய ஆஸ்பத்திரி. கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத நீளச் சுவர் ஒன்று தண்ணீரை ஒட்டிப் போனது. எக்ஸ்ரே அறைகளின் பின்சுவர். இத்தனை வருடமும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் அதற்குள் நின்றிருக்கிறாள். முன்னால் என்ன நடக்கிறது என்றும் தெரிந்திருக்கவில்லை, பின்னால் என்ன ஓடுகிறது என்றும் தெரிந்திருக்கவில்லை. அடுத்தவன் எலும்புவரை பார்க்கிறவளாம். அவளுக்குச் சுவரை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது. இரவில் எழுந்து எழுந்து அவரைக் கழிவறைக்குக் கூட்டிப்போன கால், அவருக்கு நகம் வெட்டிய கை, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கோபப்பட்டது. தூக்கிப் போன அத்தனை சாமானையும் மன்னித்துவிடலாம். அந்த ரேடியோவில் அவர் செய்தி கேட்டாரே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. அது யாருடைய ரேடியோ என்று தெரிந்தே, ஒலியைக் கூட்டி வைத்து, வானிலைவரை கேட்டார்.

படகு அரைவட்டம் அடித்துத் திரும்பியது. பார்த்த சுவர்களே மறுபடி வந்தன.

கல் பாலத்துக்குக் கீழே நுழைந்தபோது கைடு யாரையும் கத்தச் சொல்லவில்லை. அவள் மெல்லத்தான் கேட்டாள். அந்நியர்கள் முன்னால் வீட்டுச் சண்டை போடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் பாலம் அவள் குரலை வாங்கி, பெரிதாக்கி, எல்லாருக்கும் கேட்கும்படி திருப்பித் திருப்பிச் சொன்னது.

"அந்த ஆள நான் திருடன்னு சொல்லிட்டு வந்தப்பகூட உங்களுக்கு வாயத் திறக்கத் தோணலையாப்பா?"

தோணலையாப்பா, தோணலையாப்பா என்று கல்லெல்லாம் கேட்டது. புது ஜோடி செல்போனைக் கீழே இறக்கியது. அப்பா பாலம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"சொன்னா நீ எந்திரிச்சுப் போயிடுவம்மா" என்றார். "எப்ப வருவன்னு தெரியாது. இருட்டுனாலும் லைட் போடாம கதவையே பாத்துட்டு உக்காந்திருப்பேன்."

"ஒரு நாளாவது வராம இருந்திருக்கேனா?"

"வந்துடுவ. இல்லன்னு சொல்லல." அவர் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "வர்ற வரைக்கும் எனக்குத் தெரியாதுல்ல."

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது, எல்லாம் நியாயமானதாகவும் இருந்தது. கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனால் இப்போது அதற்குள் ஒரு இருட்டு அறை வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்காகவும் அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோபப்படக்கூட நிம்மதியாக விடமாட்டேன் என்கிறாரே.

படகுத்துறையில் படகோட்டி கயிற்றை இறுக்கிக் கட்டினான். "இப்ப எந்திரிக்கலாம்" என்று கைடு ஒதுங்கி வழி விட்டான். புது ஜோடி முதலில் ஓடியது. தம்பி, தங்கை, அப்பா மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் விறுவிறுவென்று இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்து, கூட்டத்தில் மறைவாள் என்று அவர்களுக்கு மனப்பாடம். தம்பி காலை மடக்கி வழிகூட விட்டான்.

அவள் எழவில்லை.

"அக்கா" என்றான் தம்பி. அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் இன்னும் ஒரு தடவை கூப்பிட்டான். பிறகு அப்பாவைக் கைத்தாங்கலாகத் தரையில் இறக்கினான். தங்கை பின்னால் இறங்கினாள். அடுத்த சவாரிக்கான ஆட்கள் கயிற்றுக்கு அப்பால் வரிசையில் நின்று எட்டிப் பார்த்தார்கள். "மேடம், இறங்கணும்" என்றான் கைடு. "எறங்கறேன்" என்றாள். இறங்கவில்லை. போகிறவள் போகாவிட்டால் மிச்சப் பேருக்கு என்ன செய்வதென்றே தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கரையில் அவர்கள் மூவரும் யாரோ வந்து அழைத்துப்போக வேண்டியவர்களைப் போல நின்றார்கள்.

"பெரியவரே, ஜாக்கெட்டக் குடுங்க" என்று கைடு கேட்டான். அப்பா குனிந்து கொக்கியைத் தடவினார். வரவில்லை. தம்பி வந்து இழுத்தான், அழுத்தினான். வார் தொந்தியில் புதைந்துபோயிருந்தது. தங்கையும் ஒரு கை கொடுத்தாள். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து அவரை உலுக்கினார்களே தவிர, கொக்கி அசையவில்லை. அப்பா அவர்கள் தலைக்கு மேலாகப் படகைப் பார்த்தார். எதையும் கேட்கிற பார்வைகூட இல்லை அது. பொத்தான் மாட்டிக்கொண்டால் அவர் எப்போதும் பார்க்கிற பார்வை.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதையும் மீறிக் குரல் வந்துவிட்டது, வேலை நேரத்துக் குரல்.

"மூச்ச இழுத்துப் பிடிங்கப்பா."

அப்பா பிடித்தார். தொந்தி உள்ளே போனது, வார் தளர்ந்தது, தம்பி அழுத்தியதும் கொக்கி டக்கென்று கழன்றது. கைடு ஜாக்கெட்டை உருவி வாங்கிக்கொண்டு அடுத்த ஆட்களைப் பார்க்கப் போனான். வரிசை நகர ஆரம்பித்தது. தம்பி அவர் முழங்கையைத் தொட்டு, "போலாம்பா" என்றான்.

அப்பா அசையவில்லை. ஜாக்கெட் இல்லாமல், சட்டை கசங்கி, கன்னம் உப்பி, முகம் மெல்லச் சிவக்க, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் படகில் உட்கார்ந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.