செல்வமணி (பெயர் மாற்றப்பட்டுள்ளது)

1

இந்தக் கதை ஓர் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. அதை நடத்தியவள் நான்தான். நஸ்ரின் பானு, கடையநல்லூர்க்காரி, கல்லூரியில் தொடர்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். கேள்வித்தாளை நீட்டினால் பெண்கள் ‘ஆமா, இல்ல’ என்று முடித்துக்கொள்வார்கள். அதனால் சங்கரன்கோவிலில் பல தையல் கூடங்களிலிருந்து, ஒருவரையொருவர் தெரியாதவர்களாகப் பார்த்துச் சேர்த்து, வட்டமாக உட்காரவைத்து, அவரவர் கதையைச் சொல்லச் சொன்னேன். பங்கேற்புக் கதைசொல்லல் என்று இதற்குப் பெயர்.

(அவர்கள் நமக்குச் சக ஆய்வாளர்கள் என்று வகுப்பில் நீட்டி முழக்குவேன். இனி எந்த வாயால் சொல்வது?)

2

இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் செல்வமணி தன் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு...’

அடித்துவிட்டேன். நடந்ததற்கு இவ்வளவு அழகு ஆகாது. நேரே சொல்கிறேன்.

ஜெயசித்ரா என்ற பெண் தன் முறை வந்ததும் சொன்னாள். பிள்ளை வேண்டி மாமியார் கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தருகிறாராம். “அந்தத் தண்ணியிலேயேதான் டீச்சர் மாத்திரையையும் முழுங்குதேன். பிள்ள உண்டாகாம இருக்கதுக்கு. எங்க அக்கா பிரசவத்துல செத்துப்போனா. எனக்குப் பயம்.”

சொல்கிறவரைக் குறுக்கே கேள்வி கேட்கக்கூடாது என்பது முறை. நான் கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு, என்ன பேர் போடட்டும் என்று மட்டும் கேட்டேன்.

“செல்வமணின்னு போடுங்க” என்றாள்.

3

கதைகளை ஊருக்கே திருப்பிக் கொடுப்பது கடைசிப் படி. கல்யாண மண்டபம் ஒன்றில் கூட்டம் போட்டோம். ஜெயசித்ராவின் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். நானே மைக்கில் வாசித்தேன். செல்வமணி, பெயர் மாற்றப்பட்டுள்ளது. புற்றுமண், மாத்திரை, செத்துப்போன அக்கா.

நடுவில் ஓர் அம்மா எழுந்து நின்றார். முத்துத்தாய் என்று பிறகு தெரிந்தது.

“எம் மருமவ பேரு செல்வமணி” என்றார். சத்தம்கூடப் போடவில்லை. பக்கத்திலிருந்த அவர் மகன் கண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜெயசித்ராவைத் தேடிப் பிடித்தேன்.

“அது உன் கதை இல்லையா?”

“பக்கத்து வீட்டு செல்வமணி கத டீச்சர். ஒருநா அழுதுக்கிட்டே சொன்னா. அன்னைக்கு எல்லாரும் சொல்லுதாங்க, எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. அதான் அவளதச் சொன்னேன். அடுத்தவ கதைய வேற பேர்ல சொன்னா களவுல்லா? அதான் அவ பேரச் சொன்னேன். நீங்க எப்படியும் மாத்திருவீங்கன்னு இருந்தேன்.”

(சொன்னவளின் பெயரை மறைத்தேன். கதைக்கு உரியவளின் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னேன். இதற்கு எந்த ஆராய்ச்சிப் புத்தகத்திலும் அத்தியாயம் கிடையாது. நான் தேடிவிட்டேன்.)

அன்று சாயங்காலமே செல்வமணியைப் பனவடலிசத்திரத்திலுள்ள அவள் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

4

மறுநாள் கண்ணன் என் வீட்டு வாசலில் நின்றான்.

“ஞாயித்துக்கிழம ரெண்டு வீட்டு ஆளுகளும் பேச வாராங்க டீச்சர். அது கட்டுக்கத, நானா எழுதுனதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. அம்மா நம்பிருவா. செல்வமணி வீட்டுக்கு வந்துருவா.”

பாவமாக இருந்தது. பெண்டாட்டிக்காக இவ்வளவு இறங்கி வருகிறானே என்று டீ போட்டுக் கொடுத்தேன்.

முடிவு அ: நான் பொய் சொல்கிறேன். செல்வமணி திரும்பி வருகிறாள். மாமியார் புற்றுமண் கரைத்த டம்ளரை நீட்டிவிட்டு, இப்போது பக்கத்திலேயே நிற்கிறார்.

முடிவு ஆ: நான் உண்மையைச் சொல்கிறேன். அவளை அந்த வீட்டில் இனி ஒருநாளும்...

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நடந்தும் செல்வமணியிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

5

பனவடலிசத்திரத்துக்குப் பஸ் ஏறிப் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். மண்டபத்தில் வாசித்ததை முழுசாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

“எல்லாம் சரிதான். ஒண்ணுதான் விட்டுப்போச்சு. அத நான் ஜெயசித்ராட்ட சொல்லல” என்றாள். “மாத்திர வாங்கித் தாறது அவருதான்.”

“யாரு?”

“எம் வீட்டுக்காரர்தான் டீச்சர். மெடிக்கல்ல போயி நான் நிக்க முடியுமா? மாசாமாசம் அவருதான் வாங்கியாருவாரு. பிள்ளயவிட நீதான்ட்டி எனக்கு வேணும்பாரு.”

என் வீட்டு வாசலில் நின்றவன், நான் கொடுத்த டீயைக் குடித்தவன்.

“அத்த எம் பெட்டியத் தூக்கி வெளிய வச்சாங்க. பாத்துக்கிட்டுதான் நின்னாரு. வாயத் தொறக்கல.” அவள் அழவில்லை. “இதையும் சேத்து எழுதுங்க. எம் பேர மாத்த வேண்டாம். ஞாயித்துக்கிழம நீங்க வாங்க. ஆனா ஒண்ணும் பேசாதீங்க.”

6

இன்று சனிக்கிழமை. ‘இதில் வரும் அனைத்தும் கற்பனையே’ என்று முதல் வரியில் எழுதியிருந்தேன். அதுவும் கண்ணன் கேட்ட வார்த்தைதான் என்று தெரிந்ததும் எடுத்துவிட்டேன். முடிவு அ, முடிவு ஆ இரண்டையும்கூட அடித்தாயிற்று.

இந்தக் கதைக்கு இன்னும் ஒரு வாக்கியம்தான் பாக்கி. அதை நான் எழுத முடியாது. நாளை தன் அம்மா முன்னால் கண்ணன் சொல்ல வேண்டியது அது. எழுதியவரைக்கும் இன்றே அவனுக்கு அனுப்புகிறேன். வாசிக்கிற உங்கள் வீட்டிலும் இப்படி வாயைத் திறக்காமல் நிற்கிறவர் யாராவது இருந்தால், அவரும் நிரப்பிக்கொள்ளட்டும்.

கண்ணன்: “அம்மா, அந்த மாத்திரைய